ஏழு

ஒன்றிலிருந்து பத்துக்குள்
இன்று எப்படி இருக்கிறாய் என்று
படிவத்தின் முதல் வரி கேட்கும்.
எல்லாரும் ஏழு என்பார்கள்.

எட்டு என்றால் பிறகெதற்கு வந்தாய் என்பேனாம்.
ஆறு என்றால் வீட்டுக்குப் போன் போகுமாம்.
ஏழை யாரும் தோண்டுவதில்லையாம்.
எனக்கு இதைச் சொல்லித்தந்தவன்
ஒன்பதாம் வகுப்பு ஜிஹூன்.
அப்பா சூளகிரித் தொழிற்பேட்டையில்,
அம்மா சியோலில்,
மத்திகிரி வீட்டில் அவனும் ஒரு சமையல்காரரும்.
சொல்லிமுடித்துவிட்டு
அவனும் ஏழு என்றான்.

என் அறை முன்பு விளையாட்டுச் சாமான் கிடங்கு.
வெளிர்நீலம் அடித்து
நலவாழ்வு மையம் என்று பலகை மாட்டினார்கள்.
ஓசூரில் தூறல் பிடித்துக்கொள்ளும் நாட்களில்
சுவரிலிருந்து இன்னும்
கூடைப்பந்து ரப்பர் வாசம் வரும்.
இரண்டு பீன் பேக், ஒரு டிஷ்யூ பெட்டி,
தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாத ஒரு செடி.
அங்கீகாரத்துக்கு ஆய்வு செய்ய வந்த குழு
செடியைப் பாராட்டி எழுதிவிட்டுப் போனது.

இங்கே வர மஞ்சள் சீட்டு வேண்டும்.
அதைக் கையில் பிடித்து வராந்தாவைக் கடப்பதற்கு
பேசாமல் அழுதுவிடலாம் என்று
பீன் பேக்கின் அடியில் யாரோ எழுதியிருக்கிறார்கள்.
அதனால் பாதிப்பேர்
காய்ச்சல் என்று நர்ஸ் எஸ்தரிடம் போவார்கள்.
அவள் தெர்மாமீட்டரைப் பார்ப்பாள்,
ஒன்றும் இல்லாததைப் பார்ப்பாள்,
திரைக்குப் பின்னே இருபது நிமிடம் படுக்கவிட்டு
என் கதவைக் காட்டுவாள்.
எங்களுக்குள் சீட்டில்லாத ஏற்பாடு அது.

பருவ முடிவில் நிர்வாகம் சராசரி கேட்டது.
ஆறு புள்ளி ஒன்பது.
பச்சை நிறத்தில் வரைபடம் போட்டு
பெற்றோர் கூட்டத்தில் காட்டினார்கள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம்.
பாகலூர் சாலை முழுக்க ரோஜா ஏற்றிய வண்டிகள்
விமான நிலையத்துக்கு விரையும் வாரம்.
பதினொன்றாம் வகுப்பு பைரவி
சீட்டில்லாமல் வந்து நின்றாள்.
வேதியியல் வகுப்பில் மூன்றாம் முறை தூங்கியதற்கு
வெளியே அனுப்பியிருந்தார்கள்.

எத்தனை என்றேன்.
'நாலு, மிஸ்.'
பேனாவை எடுப்பதற்குள்
'நாலரைன்னு போட்டுக்கோங்க.'

மூன்று பசுமைக்குடில். மொட்டிலேயே சாம்பல் நோய்.
வங்கியிலிருந்து தினம் ஒருவர்.
இந்தப் பள்ளியிலிருந்து கட்டண நினைவூட்டல், அதுவும் தினம்.
அப்பா இப்போது குடிலிலேயே படுத்துக்கொள்கிறார்.
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து
டார்ச் அடித்து
மருந்து அடுக்கில் பாட்டில்களை
எண்ணிவிட்டு வருவாளாம்.
நேற்றுப் பதினொன்று.
இன்றும் பதினொன்று.
அப்பாவின் மூச்சையும் நின்று கேட்டுவிட்டுத்தான்
திரும்புவாளாம்.

அவள் அழவில்லை. டிஷ்யூ பெட்டியை
என் பக்கம் தள்ளி வைத்தாள்.

சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்வேன்,
இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்,
உயிர் சம்பந்தப்பட்டதைத் தவிர.
அந்தத் தவிரவை
இப்போது அவளிடம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.
சொன்னேன். எழுந்துவிட்டாள்.
கதவுப்பிடியில் கை.
யாரிடம் என்று நீ முடிவு செய், பைரவி,
நான் கூட இருக்கிறேன் என்றேன்.

வெகுநேரம் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
'கெலமங்கலத்துச் சித்தப்பா.
அவர் கத்தமாட்டார்.'

ஸ்பீக்கரில் போட்டோம்.
தெலுங்கும் தமிழுமாகப் பாதி, மௌனமாகப் பாதி.
கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
'நீ எத்தனை நாளாத் தூங்கல, தல்லி?'
அதற்குத்தான் அவள் உடைந்தாள்.

மதிய மணி அடித்தது. பீன் பேக்கில் சுருண்டு
மூன்று மணிவரை தூங்கினாள்.
கட்டண அலுவலகத்துக்குப் போய்
நினைவூட்டலை நிறுத்தச் சொல்லி
நான் போட்ட சத்தத்துக்கு
இன்னும் விளக்கக் கடிதம் தர வேண்டியிருக்கிறது.

புதன்கிழமை அவளே வந்தாள், சீட்டோடு.
மருந்து அலமாரிச் சாவி சித்தப்பாவிடம்.
தருமபுரியில் ஒரு டாக்டர்;
அப்பா ஒருமுறை போய்வந்தார்,
மறுபடி போவாரா தெரியாது.
எண் கேட்டேன்.
'தெரியல, மிஸ். யோசிக்கணும்.'

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
காலியாக விட்டால்
மென்பொருள் சேமிக்க மறுக்கிறது.