காற்புள்ளி

வெள்ளி மாலை முதல் பிழை:
ஃபோர்ட்ரான் இல்லையாம். கொடுத்தேன்.
அடுத்து ஒரு நூலகம் இல்லையாம். கொடுத்தேன்.
அந்த நூலகத்துக்கு இன்னொன்று,
இன்னொன்றுக்கு அதன் பழைய பதிப்பு.
சம்பந்தி வீட்டார்கூட
சீர்ப்பட்டியலை மொத்தமாகத் தந்துவிடுவார்கள்.
இது ஒவ்வொன்றாய்க் கேட்டது,
ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்பதுபோல.

கெம்னிட்ஸில் அன்றிரவு பனி.
விடுதி நான்காம் மாடி, டிராம் நின்ற பிறகு வரும் அமைதி.
எட்டுக் கருக்களையும் ஒருசேர ஏவினேன்,
மூன்று மணி நேரம் வரிகள் ஓடின,
பிறகு ஒற்றைச் சொல்:
கொல்லப்பட்டது.
யார் கொன்றது, எதற்கு, ஒன்றும் இல்லை.
நினைவகம் நிரம்பினால் அப்படித்தான் செய்யுமாம்,
பெரியதாய்ப் பார்த்து ஒன்றை வெட்டுமாம்.
இரண்டு கருக்கள் போதும் என்று இறங்கி வந்தேன்.
மடிக்கணினியை ஜன்னலோரம் தள்ளி
கதவைக் கொஞ்சம் திறந்து
விசிறும் வேலையைப் பனியிடம் விட்டேன்.

ஞாயிறு விடியலில் நிறுவி முடிந்தது.
இரண்டும் இரண்டும் கேட்டேன். நான்கு என்றது.
நம்பினேன்.

திங்கள், ஆய்வகம்.
சுழலும் தண்டு ஒன்றின் அதிர்வுக் கணக்கு.
விடை: 0.
தண்டு அதிரவில்லை. எந்தத் தண்டும் அதிரவில்லை.
உலகத்தில் எதுவுமே அதிரவில்லை.
அதே கணக்கைக் கறுப்புத் திரையில் ஓட்டினால்
0.4375, சுத்தமாக.
வரைபடச் சாளரத்தில் ஓட்டினால் பூஜ்யம்.
"என்னிடம் ஓடுகிறதே" என்றாள் எதிர்மேசை அன்னெக்ரெட்.
இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ,
அவருக்கு மட்டும் எதுவும் ஓடாமல் போகட்டும்.

எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவினேன். பூஜ்யம்.
நானூறு வரிகளை அரையாக வெட்டினேன்,
பிழை இருக்கும் அரையைக் காலாக,
காலை அரைக்காலாக, அதை மாகாணியாக.
இப்படி இறங்கினால் ஒருநாள்
முந்திரி வரை போகலாம் என்று நினைக்கையில்
மிஞ்சியது ஒரே வரி:
கோப்பிலிருந்து ஓர் எண்ணைப் படி.
அவ்வளவுதான். அதில் என்ன தப்பு இருக்க முடியும்?

சட்டைப்பையில் ரொட்டிக்கடை ரசீது உறுத்தியது.
கசக்கி எறியப் போனவன் பார்த்தேன்.
1,75.

புள்ளி இல்லை.
காற்புள்ளி.

மொழி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்,
கணினியையும் ஜெர்மனுக்கு மாற்றுங்கள்,
நாளைக்குப் பத்துச் சொல்லாவது ஒட்டிக்கொள்ளும் என்று.
எனக்கு ஒட்டவில்லை.
அதற்கு ஒட்டிவிட்டது.
சாளரம் திறந்ததும் ஊர்க்காரனாகிவிடுகிறது,
0.4375 என்று கண்டால்
பூஜ்யத்தை எடுத்துக்கொண்டு
புள்ளி என்ன புரியாத குறி என்று
அங்கேயே நின்றுவிடுகிறது.
கால், அரைக்கால், மாகாணி
மூன்றும் வாசலில் நிற்கின்றன.
பிழை என்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை போலவே கொடுத்திருப்பேன்.

அன்னெக்ரெட்டின் கணினி?
ஆங்கிலத்தில்.
"பிழைச்செய்தி ஜெர்மனில் வந்தால்
தேடினாலும் ஒன்றும் கிடைக்காது" என்றாள்,
ஜெர்மனில்.

தீர்வு ஒரே வரி.
சொற்கள் இந்த ஊரில் இருக்கட்டும்,
எண்கள் மட்டும் எந்த ஊரிலும் இல்லை.
எழுதிச் சேமித்தேன். தண்டு அதிர்ந்தது.
மூலநிரலைக் காப்பவர்களுக்கு
ரசீதின் படத்தோடு ஒரு குறிப்பு அனுப்பினேன்.
பதில் இன்னும் இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில்
இரண்டு இப்போதும் தோற்கின்றன,
காரணம் தெரியாது, இன்று தெரிய வேண்டாம்.

மாலை அதே கடையில்
மனப்பாடம் செய்துபோன ஒரே சொல்லால்
அரை ரொட்டி கேட்டேன்.
அந்த அம்மாள் கத்தியை எடுத்து
நடுவில் வைத்து,
இங்கேயா என்பதுபோல என்னைப் பார்த்தார்.