காலை இழுத்து நடக்கவும்

கப்பலின் மேசையில் இதே கடலுக்கு
அறுநூறு ரிங்கிட்.
என்னிடம் இருநூற்று இருபது.
முகமூடி, மூச்சுக்குழல், ஒரு நாசி லெமாக் பொட்டலம்
எல்லாம் அதற்குள்.
முன்பணம் முப்பது விழுக்காடு.
மழை வந்தால் திருப்பித் தருவேன்,
மனம் மாறினால் மாட்டேன்.

எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி:
கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டால்?
ஐந்தரைக்குப் படி தூக்குவார்கள்,
மூன்றரைக்கே வேனில் ஏற்றிவிடுவேன் என்று
பதினோரு வருடமாய் ஒரே பதிலை
நகலெடுத்து ஒட்டுகிறேன்.
பாயான் லெப்பாஸ் நெரிசலைப் பற்றி
எழுதுவதில்லை.

இவள் அதைக் கேட்கவில்லை.
அங்கே திருக்கை உண்டா, அவ்வளவுதான்.
உண்டு என்று அனுப்பினேன்.
வாழையிலையில், மேலே சம்பால் தடவி,
என்பதை அனுப்பவில்லை.

ஸ்வெட்டன்ஹாம் துறை, காலை ஏழரை.
பதினான்கு மாடிக் கப்பல்
மணிக்கூண்டைக் குள்ளமாக்கிவிட்டு நின்றது.
அட்டையில் எழுதும்போதே பேனா தயங்கியது:
சொலாஞ்ச் வீராசாமி, குவாதலூப்.

வந்தவளுக்கு என் சித்தப்பா பெண்ணின் நெற்றி.
"வணக்கம்" என்றேன்.
யாரோ தொலைத்த சாவியை நீட்டியதுபோல்
பார்த்தாள்.
பிறகு இருவரும்
விமான நிலைய ஆங்கிலத்துக்குப் போய்விட்டோம்.

தெலுக் கும்பாரில் ஹனாபியின் படகு.
கெண்டித் தீவுக்கு அரை மணி.
கேள்விமேல் கேள்வி:
டீசல் என்ன விலை, உரிமம் யார் தருவது,
துறைமுகக்காரனுக்கு எவ்வளவு.
எதற்கு இதெல்லாம் என்றேன்.
அவளுக்கும் அங்கே இதே தொழிலாம்.
ஒரு படகு, பத்து முகமூடி,
இடுப்பளவு நீரில் வந்து
ஈரக் கம்பளியாய்க் காலை உரசும் திருக்கைகள்.
கப்பல்காரன் அவளிடமும் நாற்பது விழுக்காடு கேட்டானாம்.
போடா என்றாளாம், பிரெஞ்சில்.

"எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், இல்லையா?"
ஆமாம்.
"நீ என்ன சொல்வாய்?"
மூன்றரை, வேன், நகல், ஒட்டல். சொன்னேன்.
"நான் சொல்வது:
பயப்படாதீர்கள்.
எங்களை ஒரு கப்பல்
விட்டுவிட்டுப் போய் நூற்றைம்பது வருடம் ஆகிறது.
சாப்பாட்டுக்குக் குறைவில்லை."

நான் சிரித்த சிரிப்பில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.
ஹனாபிக்கு ஒன்றும் புரியவில்லை.
என் கொள்ளுப்பாட்டனை இறக்கிய கப்பலுக்கு
என்ன பெயர் என்று
எனக்கும் தெரியாது.

ஆழமில்லாத இடத்தில் இறங்கினோம்.
வழக்கமான எச்சரிக்கை:
காலைத் தூக்கி வைக்காதீர்கள்.
மணலில் இழுத்து இழுத்து நடங்கள்.
புதைந்து கிடப்பது
நாம் வருவதை அறிந்து விலகட்டும்.
பெயரில் திருவும் உண்டு, கையும் உண்டு.
உடம்பில் இருப்பதோ
சவுக்கு மட்டும்.

தெரியும் தெரியும் என்று தலையாட்டினாள்.

நீர் அன்று பச்சைத் தேநீர்.
நீட்டிய என் விரல்களே எனக்குத் தெரியவில்லை.
ஒரு மணி நேரம் மூச்சுக்குழல் வழியே
எங்கள் மூச்சை நாங்களே கேட்டோம்.
கடைசியில் அவள் என் தோளைத் தட்டிக் காட்டினாள்:
மணலில் ஒரு பள்ளம்,
விசிறி அளவு,
ஓரங்கள் இன்னும் சரிந்துகொண்டிருந்தன.

பாதிப் பணம் திருப்பித் தரட்டுமா என்றேன்.
பசிக்கிறது என்றாள்.

கடற்கரைக் கடையில் இலையைப் பிரித்ததும்
ஆவி, புளி, பெலாச்சான் வாசம்.
முள்ளைத் தொட்டுப் பார்த்தாள், சீப்புபோல் இருந்தது.
"இதைத்தான் உண்டு என்று எழுதினாயா?"
நான் இலையைப் பார்த்தேன்.
இன்னொரு துண்டு கேட்டாள்.

பாயான் லெப்பாஸில்
மூன்று தொழிற்சாலை ஒரே நேரத்தில் விட்டது.
ஐந்து இருபதுக்குத் துறைக்கு வந்தோம்.
ஓடுங்கள் என்றேன்.

ஓடவில்லை.
ஈரச் செருப்போடு
கப்பல்வரைக்கும்
காலை இழுத்து இழுத்துத்தான்
நடந்தாள்,
சிமெண்டுத் தரையில்.