வலமிருந்து இடம்

வெள்ளி சுதந்திர தினம், பிறகு சனி, ஞாயிறு.
ஆறு மாதமாக ரிஃபாயா சொல்லிக்கொண்டிருந்தாள்:
"கீழக்கரைக்கு வா. ஊரை வாயால் பார்க்கலாம்."
திருப்பூரில் ஏறிய ராத்திரி
மானாமதுரை தாண்டும்போது
வலப்பக்கக் கடைவாய்ப் பல்
விழித்துக்கொண்டது.

ராமநாதபுரத்தில் இறங்கி டீ.
முதல் மிடறிலேயே தெரிந்துபோயிற்று,
இந்த ஊர் எனக்குப் பாதிதான்.

வழியெல்லாம் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை.
கொடிக்கம்பத்தடியில் பிள்ளைகள்
ஆரஞ்சு மிட்டாயைக் கடித்தார்கள்.
பஸ்ஸுக்குள் எனக்குக் கூசியது.

பல் டாக்டரின் ஷட்டரில்
"நாளை" என்று மட்டும் சாக்பீஸில்.
ரிஃபாயா ஒரு கிராம்பு கொடுத்தாள்.
எந்தக் காலத்துக் கப்பலில் வந்த மணம் என்று
நான் வியக்கத் தொடங்க,
"முக்குக் கடை. பத்து ரூபாய்" என்றாள்.

பழைய ஜும்மாப் பள்ளியை வெளியே நின்று பார்த்தோம்.
கல் தூண், கல் கூரை,
கோயில் கட்டிய கைகள் மாதிரியே இருந்தது.
உருவம் மட்டும் இல்லை, பூவும் கொடியும் உண்டு.
இன்னும் ஏதோ தோன்றியது.
சொல்ல வாய் திறந்தால்
கடல்காற்று நேராகப் பல்லுக்குப் போகிறது.
மூடிக்கொண்டேன்.

அவள் வீட்டுக்கு முடுக்கு வழி.
எதிரே ஆள் வந்தால்
யாராவது ஒருவர் சுவராக வேண்டிய அகலம்.
இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் வீடு மாறுவாராம்.
அவள் கணவர் அஜ்வத்
எனக்காக ஃபேனைப் போடப் போய்
லைட்டை அணைத்தார்.
"நாலு வருஷமாச்சு" என்றாள்.

மத்தியானம் சஹன்.
ஒரு தாம்பாளம், நெய்ச்சோறு, களறிக் கறி,
சுற்றி நாலு பெண்கள்.
ஒரே தட்டில் நான் சாப்பிட்டதில்லை.
என் பங்கு எங்கே முடிகிறது?
வரப்பு தேடிக்கொண்டிருந்தேன்.
ரிஃபாயாவின் மச்சி சுல்தானியா
யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிக்கொண்டே
எலும்பிலிருந்து கறியைப் பிரித்து, நூலாக்கி,
என்னைப் பார்க்காமல்
என் பக்கம் தள்ளினாள்.
விறைத்த சோறு அவளுக்கு, குழைந்தது எனக்கு.
பல் என்ற சொல்லை
யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவளே ஒரு நோட்டை எடுத்து வந்தாள்.
எண்ணெய்ப் பிசுக்கு. எழுத்து அரபு.
எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
"அரிசி... மா... தேங்காப்பால்... கை விடாமல்... கிண்டு."
கேட்டால் தமிழ்.
வலமிருந்து இடமாக நடந்துவரும் தமிழ்.
காலையிலிருந்து என் வாயில்
ஒவ்வொரு கவளமும் அப்படித்தான்.
ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.
"உப்பா, ஒப்பா? தெரியலை."
கொஞ்ச நேரம் விவாதம்.
பிறகு ஒரு சிட்டிகை போட்டார்கள்.

சனிக்கிழமை டாக்டர் சீனி நைனா
"மூணு வேர், மூணும் மூணு திசை" என்று
குற்றம் சாட்டுவதுபோல் சொல்லிப் பிடுங்கினார்.
பஞ்சைக் கடித்தபடி கரைக்குப் போனேன்.
இந்தக் கடலில் முத்து எடுத்தார்களாம்.
என் கையில் காகிதத்தில் மடித்த சொத்தை.
கருக்கலில் வீசினேன்.
விழுந்த சத்தம் கேட்கவில்லை,
வலைக்குப் போகும் ஒரு படகின்
டீசல் சத்தம்தான்.

ஞாயிறு தொதல்.
கறுப்பு, மினுமினுப்பு, மெல்லவே வேண்டாம்.
ஆறு மணி நேரம் கிண்டியதை
நான் ஆறு நொடியில் விழுங்கினேன்,
வெட்கப்பட்டு இன்னொரு துண்டு எடுத்தேன்.
அந்தச் சிட்டிகை இருந்தது.
உப்புதான்.

திரும்பும் பஸ்ஸில் மடியில் பொட்டலம்,
புடவையில் எண்ணெய் வட்டம்.
நாக்கு அந்தப் பள்ளத்துக்குப் போயிற்று.
வந்தது. மறுபடி போயிற்று.
பரமக்குடி தாண்டியும் நிற்கவில்லை.
முடுக்கு முடுக்காக
அது இன்னும்
ஊர் பார்த்து முடிக்கவில்லை.