ஐம்பத்தொன்பது

புதுவயலில், அரிசி ஆலைக்கு மேல்மாடியில்
ஹஸீனாவின் அறை.
படியேறும்போதே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிட்டது:
கட்டடம் நிற்கவில்லை,
நடுங்கிக்கொண்டிருக்கிறது.

"குறி வச்சா குறி ஆடுதுக்கா.
ராத்திரி படுத்தா வலது தோள்
யாரோடதோ மாதிரி கனக்குது."

ஆன்லைனில் வாங்கிய கேமிங் மேசை.
ஓரமெல்லாம் சிவப்பு விளக்கு ஓடுகிறது,
விளக்கின் மேல் மெல்லிசாக உமித்தூசி.
உயரம் எழுபத்தைந்து சென்டிமீட்டர்.
யாருக்கு எழுபத்தைந்து என்று
எந்த அட்டைப்பெட்டியிலும் போட்டிருக்காது.
நாற்காலியை ஏற்றினாளாம், கால் தொங்கிற்றாம்.
காலுக்கு ஒரு சிமென்ட் கல்,
கல்லின் மேல் ஒரு தலையணை.

தலையணையை எடுக்கச் சொன்னேன். கல்லையும்.
டேப்பை இழுத்தேன்.
முழங்காலின் பின்மடிப்பு முப்பத்தேழு.
கண் நூற்றைந்து.
தோளைத் தளர்த்து, இன்னும் தளர்த்து,
அடிக்கப்போறவள் மாதிரி நிற்காதே,
உட்கார். ம்.
முழங்கை ஐம்பத்தொன்பது.

"தையல்கடையில கூட இவ்வளவு எடுக்க மாட்டாங்க."

எழுபத்தைந்தில் ஐம்பத்தொன்பது போக
பதினாறு.
மூன்று வருஷமாக, தினம் ஆறு மணி நேரம்,
அந்தப் பதினாறு சென்டிமீட்டரைத்
தோளில் தூக்கிக்கொண்டுதான் சுட்டிருக்கிறாள்.
குவாஹாத்தியில் இருக்கும் அவள் அணிக்கு
இது தெரியாது.
ஆலையின் இரைச்சலை அவர்கள்
மழை என்று நினைத்திருக்கிறார்கள்.

கழனிவாசல் பட்டறையில் பலகை அறுத்தேன்.
இழுப்பறை கேட்டாள், மாட்டேன் என்றேன்.
தொடைக்கு இடம் வேண்டும், சார்ஜருக்கு அல்ல.
முன்விளிம்பை உருட்டினேன்,
நீளமான மூங்கில் முறம் போல,
மணிக்கட்டு உரசினாலும் கோடு விழாதபடி.

நடுக்கத்துக்கு மட்டும் நான் செய்தது தப்பு.
மேசையைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினேன்.
சுவர், ஆலை முழுவதையும்
மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தது.
டம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தோம்.
வட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
போல்ட்டை நானே கழற்றினேன்.

கீழே ஃபோர்மேன் சேவுகன்
என்ன ஏது என்று கேட்கவில்லை.
கழித்துப்போட்ட மெஷின் பெல்ட்டில்
உள்ளங்கை அகலம் எட்டுத் துண்டு
அறுத்துக் கொடுத்தார்.
ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு.
இரும்புக் குழாய்க் கால்களுக்குள் மணல்.
ஆலையை ஆலையின் தோலாலேயே
தடுத்தாயிற்று.
டம்ளரில் இப்போது
விளிம்பில் மட்டும் ஒரு சின்ன முணுமுணுப்பு.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். ஆலை நின்றது.
அந்த அமைதியில் காது வலித்தது.
தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது.
ஹஸீனா மவுஸைப் பிடித்தாள்,
குறி வைத்தாள்.

ஆடியது.

விரல்களை விரித்துப் பார்த்தாள்.
"அப்ப இது நான்தானா?"
டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.
அதற்கு என்னிடம் அளவு இல்லை.

சனிக்கிழமை ராத்திரி ஒன்று நாற்பதுக்குப் போன்.
பின்னணியில் ஆலை, இரண்டாம் ஷிஃப்ட்.
"தோத்துட்டேன்க்கா. கடைசி ரவுண்டுல."
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"ஆனா தோள் வலிக்கல."

நோட்டை எடுத்தேன்.
ஐம்பத்தொன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்,
அரைத் தூக்கத்தில்,
சாப்பாட்டு மேசையில்,
கழுத்தை முழுசாக மடித்துக்கொண்டு.
சொடுக்கிய சத்தம் அவளுக்கே கேட்டிருக்கும்.

"என்னக்கா அது?"

ஒன்றுமில்லை என்றேன்.
பாக்கி நாலாயிரத்தை
அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.