குடும்பப் பெயர்

ரேஸ்கோர்ஸ் மைதானத்துத் தகரக் கொட்டகை
சாயங்காலம் ஐந்து மணிக்கும் கொதிக்கிறது.
அல்மாட்டியில் இந்நேரம் பனி என்று
போனைப் பார்த்துச் சொல்கிறாள் ஜெசிமா.
மைனஸ்னா எவ்வளவு குளிரும் மிஸ்?
எனக்கும் தெரியாது.
கொடைக்கானலை நாலால் பெருக்கிக்கொள் என்றேன்.

மூன்று பிள்ளைகள், பதினொரு நாள்.
பீம் பத்து சென்டிமீட்டர் அகலம்,
அங்கேயும் அதே பத்துதான்,
அதில் பயமில்லை.
தரைதான் பயம்.
அங்கே தரைக்கு அடியில் ஸ்பிரிங் உண்டு,
உதைத்தால் திருப்பி உதைக்கும்.
இவர்கள் பழகியது சிமெண்டின் மேல் இரண்டு மெத்தை,
கொடுத்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் தரை.

ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில்
பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும்
டிராம்போலின் கூடத்துக்குக் கூட்டிப்போனேன்.
தலைக்கு இருநூற்றைம்பது,
வழுக்காத சாக்ஸுக்குத் தனிக் காசு.
கேக் அப்பிய வாயோடு பொடிசுகள் குதிக்கும் நடுவில்
பவதாரணி பின்பல்டி அடித்தாள்.
போன உயரத்தைப் பார்த்து அவளே மிரண்டு
காற்றிலேயே "ஐயோ" என்றாள்.
பிறந்தநாள் பையன் அழுதுவிட்டான்.
வெளியே அனுப்பப்படும்வரை
நாற்பது நிமிடம் கிடைத்தது எங்களுக்கு.

பெட்டிக்குள் இட்லிப் பொடி,
விளக்குத்தூண் பக்கம் பேரம் பேசி வாங்கிய
மூன்று ஸ்வெட்டர்,
கைக்குப் பூசும் மெக்னீசியம் மூன்று பொட்டலம்.
வெள்ளைப் பொடி என்னவென்று ஏர்போர்ட்டில் கேட்டால்
என்ன சொல்வீர்கள் என்று
ஜெசிமாவின் அத்தா இரண்டு தரம் போன் செய்தார்.
இட்லிப் பொடியையும்தான் கேட்பார்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு எழுத்தும்.
அவர்களுக்கு இரண்டு பெயர் வேண்டும்.
பவதாரணிக்குக் கவலையில்லை,
சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுப் பெயர் தயாராக இருந்தது.
ஜெசிமாவுக்கு அத்தா பெயர்.
அங்கயற்கண்ணியின் "சோ"வை அவிழ்த்தால்
சோணைமுத்து.
அவளுக்கு இரண்டு வயதில் திருப்பூருக்குப் போய்
இன்னும் திரும்பி பஸ் ஏறாத மனுஷன்.

செல்லூரில் அவள் அம்மா
தறியிலிருந்து வந்த துண்டுகளை மடித்தபடியே சொன்னாள்:
போட்டுக்கங்க டீச்சர்.
அந்தாளு குடுத்தது அது ஒண்ணுதான்.

அறிவிப்பு குடும்பப் பெயரில்தான் வருமாம்.
பச்சை விளக்கு எரிந்ததும்
நடுவரைப் பார்த்துக் கை உயர்த்தியாக வேண்டும்.
அதையும் பயிற்சியில் சேர்த்தேன்.

சோணைமுத்து!

பீமுக்கு அடியில் சப்பணமிட்டு
உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.
சோணைமுத்து!
"அவரைக் கூப்பிட்டா
நான் எதுக்கு மிஸ் எந்திரிக்கணும்?"

ஆறு நாள் இதே கூத்து.
அவள் எழுந்தாள், எழாமல் இல்லை.
யாருக்கோ ஓட்டுப் போடப் போகிறவள் மாதிரி எழுந்தாள்.

ஏழாம் நாள்தான் எனக்கு உறைத்தது:
அங்கே யார் இதை ஒழுங்காகச் சொல்லப் போகிறார்கள்?
காலிப் பவுடர் டப்பாவை வாயருகே பிடித்து
மூக்கால் இழுத்தேன்:
ஷோனாய்… மூட்டூ… இந்தியா!

ஜெசிமா மெத்தையில் உருண்டாள்.
பவதாரணிக்கு விக்கல் வந்துவிட்டது.
அங்கயற்கண்ணி சிரிக்கவில்லை.
"இன்னொரு தரம் சொல்லுங்க மிஸ்."

ஷோனாய் மூட்டூ.

"அப்படி ஒரு ஆளு இல்லையில்ல?"
இல்லை.
"திருப்பூர்ல கூட?"
எங்கேயும் இல்லை.

மாவு அப்பிய கையைக் காதோடு ஒட்டி உயர்த்தினாள்.
மோவாய் நிமிர்ந்தது.
பீமில் ஏறினாள்,
திரும்பும் இடத்தில் விழுந்தாள்,
எப்போதும் விழுகிற அதே இடம்.
நான் எட்டு எண்ணுவதற்குள் மறுபடி மேலே.
முடித்து இறங்கி
மறுபடி கை.

இன்னும் நாலு நாள் இருக்கிறது.
அந்தத் திருப்பம் சரியாகவில்லை.
பவதாரணிக்கு ஸ்வெட்டர் பெரிசு.