மூன்றாம் வருட அட்டவணை

ஐஸ் கம்பெனி பில்லின் பின்பக்கத்தில்
பென்சிலால்தான் எழுதுகிறேன்.
பேனாவில் எழுதிய முதல் வருடம்
ஆபீஸ் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது:
பதினாறு அணி, வழவழத் தாள்,
டிவிக்காரர்கள் கேட்ட நேரத்துக்கு ஆட்டம்,
மூன்றாம் வாரமே திரும்பி வந்த செக்.

புவனேஸ்வரத்துப் பிள்ளைகள்
மண்டபம் ஸ்டேஷனில் இரண்டு ராத்திரி கிடந்தார்கள்.
அவர்கள் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு
நம்புச்செல்வம் தன் படகு எஞ்சினை அடகு வைத்தான்.
அதை அவனும் பேசுவதில்லை,
நானும் கேட்பதில்லை.
வட்டி மட்டும் மாதாமாதம் வாய் திறக்கிறது.

இரண்டாம் வருடம் ஆட்டமே இல்லை.
பந்து வலைக்கூடத்தில் காற்றிறங்கிக் கிடந்தது
காய்ந்த பேத்தை மீன் மாதிரி.

ஆகவே இந்த வருடம் எட்டே அணி.
எட்டு ஊருக்கும் போனில் ஒரே கேள்வி:
டாக்டர் உண்டா, ஸ்ட்ரெச்சர் உண்டா,
நடுவர் படுக்க ஒரு கட்டில் உண்டா?
கோப்பை எத்தனை அடி என்று
ஒருவர் கேட்டார்.
கட்டில் எத்தனை அடி என்று திருப்பிக் கேட்டேன்.

நாள் குறிக்கிறது கடல்தான்.
சனிக்கிழமை போன விசைப்படகு
ஞாயிறு விடியக் கரை பிடிக்கும்.
மீன் பிரித்து, எடை போட்டு, வலை அலசி
எங்கள் முன்வரிசை மூன்று மணிவரை தூங்கும்.
ஆட்டம் நாலரைக்கு.
டிசம்பரில் அந்நேரம் எங்களுக்கு இருட்டிவிடுமே என்றது கொல்கத்தா.
சரி, அங்கே வந்தால் ரெண்டு மணிக்கு.
அன்றைக்கு எங்களவர்கள்
ரயிலில் தூங்கிக்கொள்வார்கள்.

தடைக்காலத்தில் வைக்கலாமே என்பார்கள்.
அறுபத்தொரு நாளும் ஆள் இருக்கும்,
தலைக்கு மேல் வெயில் இருக்கும்,
சட்டைப்பையில் ஒன்றும் இருக்காது.
அது பயிற்சிக்கு.

வாடை அடித்தால் தென்கடல் பொட்டல்,
காற்று திரும்பினால் வடகடல் பக்கம்.
சவுக்குக் கம்பில் கோல் போஸ்ட்,
நாலு ஆள் தூக்கி ஊருக்குள் நடந்தால்
கேபிள் வயரைக் கையால் உயர்த்தி
கடைக்காரர்கள் வழி விடுகிறார்கள்.
ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும்
தோளோடு தோள் ஒரே வரிசையாகக் குனிந்து
கருவேல முள் பொறுக்கும்.
விதிப்புத்தகத்தில் இல்லை. எங்கள் அட்டவணையில் உண்டு:
நாலு மணி, முள்.

பட்ஜெட்டின் முதல் வரி
கீழக்கரை முஃபீதாவின் பஸ் காசு.
விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடுகிற நடுவர்.
போன மாதம் நம்புச்செல்வத்தையே வெளியே அனுப்பினாள்,
பத்து நிமிடம்.
கூட்டம் கத்தியது. அவன் போய் உட்கார்ந்தான்.
லீக் நிற்கும் என்று
எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

முதலாளி ஜெர்சியில் பேர் வேண்டாம் என்றார்.
ஐஸ் தர்றேன்,
காயத்துக்கும் ஆகும், மோருக்கும் ஆகும்.
மீன்காரப் பெண்கள் கூடைக்கு ஒரு ரூபாய்.
நிஷா பேகம் அதில் சேரும்போதே சொன்னாள்:
கரைவலை இழுக்கிற மாதிரிதான் இருக்கு,
ஆனா கடலுக்குள்ளயும் ஆள் நின்னு இழுக்குறான்.

நேற்று டெல்லியிலிருந்து போன்.
அடுத்த வருடம் இருபத்துநாலு அணி ஆக்கலாமா?
இந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் வீசினால்
விசில் ஊதுவார்கள் சார், என்றேன்.
சிரித்தார்.
புரிந்ததா தெரியவில்லை.

இன்று மதியம் பாம்பனில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.
ராயகடா அணி விஜயவாடா தாண்டிவிட்டது,
இருபத்துமூன்று பேர்.
ஞாயிறை அழிக்கிறேன், தாள் லேசாகக் கிழிகிறது.
செவ்வாய் என்று எழுதி
ஒன்பது வீட்டுக்கும் போன் போடுகிறேன்:
பிள்ளைகள் இரண்டு நாள் கூடத் தங்குவார்கள்.

எட்டு வீடு சரி என்றது.
ஒன்பதாவது வீட்டில் ஜெசிந்தா அக்கா
கொஞ்ச நேரம் பேசவில்லை.
காற்று இரைவது கேட்டது.
பிறகு கேட்டாள்:
படகு போகாதே, பச்சை மீனுக்கு எங்க போறது.
கருவாடு திம்பாங்களா?