எண்பது மூட்டை

முலுண்டில் கடைசி ஸ்லோ லோக்கல் போனபிறகு
கேட்டைச் சாத்திவிட்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறேன், ஆண்டவரே.
பேச வேறு ஆளில்லை.
பி விங் நாய்கூடத் தூங்கிவிட்டது.

போன வருஷம் லெந்து நாட்களில்
பிவண்டி சைட்டில் ஸ்டோர்கீப்பராய் இருந்தேன்.
முந்நூறு மூட்டை சிமெண்ட் என்றது சலான்.
இறங்கினது இருநூற்று அறுபது.
பேனாவை நீட்டினான் சூப்பர்வைசர்.
போடாதே என்றீர்.
போடவில்லை.
அவ்வளவுதான்.
மறுநாள் என் டிபன் டப்பா
கேட்டுக்கு வெளியே இருந்தது.

எப்சிபாவின் கம்மல் ஏப்ரலில் போனது.
மிக்ஸி ஜூனில்.
ஜூலை மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்,
கட்டில்மேல் அடுப்பு, அடுப்பில் காஸ் இல்லை.
"கர்த்தர்கிட்ட சொல்லி
சிலிண்டருக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்க" என்றாள்.
கேலியா ஜெபமா, தெரியவில்லை.
சொன்னேன்.
அடுத்த வீட்டு ஷபானா தன் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு
தண்ணீரில் நடந்து வந்தாள்.
அதை உம்முடைய கணக்கில் எழுதுவதா
அவளுடையதிலா
என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நவம்பரில் இந்த வாட்ச்மேன் வேலை.
சபையில் எழுந்து சாட்சி சொன்னேன்.
சயான் கோலிவாடா முழுக்கக் கேட்கும்படி அல்லேலூயா சொன்னார்கள்.
கட்டடத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஏஜென்சிக்காரன் தந்த துண்டுச்சீட்டில்
விலாசத்தைப் பார்த்தபோதே கை சில்லிட்டிருந்தது.

ஏழு வருஷத்துக்குமுன் இதே இடத்தில்
எண்பது மூட்டை குறைந்தது.
அன்றும் போடாதே என்றீர்.
ஜெபின் பிறந்து பன்னிரண்டு நாள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான்,
நாள் ஒன்றுக்கு நாலாயிரம்.
போட்டேன்.
என் கையெழுத்து அழகாய் இருக்கும்,
எஸ்டர் டீச்சர் அடித்துப் பழக்கினது.

வேண்டுமென்றுதான் இங்கே கொண்டுவந்து
உட்காரவைத்தீரா?
பம்பாயில் வேறு கேட்டே இல்லையா?

பார்க்கிங்கில் மூன்றாவது தூணில்
மழைக்குப்பின் ஒரு விரிசல்.
பட்டி பார்த்து வெள்ளையடித்திருக்கிறார்கள்.
டார்ச்சை அதன்மேல் அடிக்காமல்
ரவுண்டு போகக் கற்றுக்கொண்டேன்.
அந்த எண்பது எந்தத் தூணில் இல்லை
என்று எனக்குத் தெரியாது.
உமக்குத் தெரியும்.
ஆறாவது மாடியில் விளக்கெரிகிறது,
கைக்குழந்தை அழுகிறது.

சொல் என்கிறீர்.

சொன்னால் இந்த நாற்காலியும் போகும்.
போலீஸ் வரலாம்.
யாரிடம் சொல்ல, எந்த மொழியில் சொல்ல,
என் மராத்தி காய்கறி வாங்க மட்டும்தான் காணும்.
மூன்று வாரமாய் உம்மோடு மல்லுக்கு நிற்கிறேன்.
உம்முடைய குரல் கேட்காதபடி
சத்தமாய்த் துதித்துப் பார்த்தேன்.
உபவாசமிருந்தால் விட்டுவிடுவீரென்று
இரண்டு நாள் சாப்பிடவில்லை.
பட்டினி எங்கள் வீட்டுக்குப் பழகினது,
அதைப்போய் உமக்குக் காணிக்கை என்று வைத்தேன்.
நீர் எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று எப்சிபாவிடம் எல்லாம் சொன்னேன்.
புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள்
வெகுநேரம்,
கரைய ஒன்றுமில்லாத புளியை.
ஏசுவாள் என்று காத்திருந்தேன்.
அந்த நாலாயிரம் அவளுக்கும் தெரியாது.
அப்புறம் கேட்டாள்:
"அந்த ஆறாம் மாடிப் பிள்ளைக்கு
எத்தனை மாசம்?"

நாலே முக்கால்.
பால் வண்டி வந்து போயிற்று.
செக்ரெட்டரி காம்ப்ளே இன்னும் கொஞ்ச நேரத்தில்
நடைக்கு இறங்குவார்.
இறங்கட்டும் என்று காத்திருந்தால்
நாளைக்கும் இறங்கட்டும் என்பேன்,
என்னை எனக்குத் தெரியும்.

தேதி, சலான் நம்பர், லாரி நம்பர்
ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டேன்.
அடியில் கையெழுத்து.
இந்த முறை கோணல்.

கடலைப் பிளக்கக் கேட்கவில்லை.
வேலை நிலைக்கக்கூடக் கேட்கவில்லை
(கேட்டேன். பொய் எதற்கு.)
கூட வாரும், அது போதும்.
போதாது என்றாலும் வாரும்.

தொப்பியை நாற்காலியில் வைக்கிறேன்.
லிஃப்ட் வேண்டாம்.
நாலு மாடி,
சுவரில் கைவைத்தபடி ஏறுகிறேன்.